உருளை இழுத்த எட்டுப் பேர்

தோழி,

போன வாரம் விழாக்குழுக்காரர்கள் ஒரு டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். உள்ளே மூன்று புது டென்னிஸ் பந்துகள். உன் பெயரில் கோப்பை ஒன்றை ஏற்படுத்திப் பெண்களுக்குப் போட்டி நடத்தப் போகிறார்களாம். உன்னோடு பழகியவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான் என்பதால், மேடையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒரு பந்தை வீசித் தொடங்கி வைக்க வேண்டுமாம். மூடியின் வளையத்தை இழுத்ததும் புஸ்ஸென்று ஒரு வாடை வந்தது. புது ரப்பரும் கம்பளியும் கலந்த வாடை. பெரிய தொரையின் மனைவி புது டின்னைத் திறக்கும்போதெல்லாம் நீ மூக்கை உள்ளே விடாத குறையாக முகர்வாயே, அதே வாடை. கொல்லைப்பக்கம் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

பந்து என்ன செய்தது, பாவம். டின்னோடு சேர்த்து அழைப்பிதழையும் கொடுத்திருந்தார்கள். அதில் உன் படம். படத்தின் கீழே, 'நம் தோட்டம் ஈன்ற வீராங்கனை' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் துப்பியது அதைப் படித்துத்தான்.

தோட்டம் ஈன்றதாம். இந்தத் தோட்டம் உன்னை எப்படி ஈன்றது, எப்படித் துப்பியது என்று எனக்குத் தெரியாதா? உன் அப்பா ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி. நான் கூலிக்காரர்களின் லயத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் மகள். பங்களாவில் தொரையின் மனைவிக்குச் சாயங்காலம் கூட ஆட ஆளில்லை. கிராணி மகளுக்கு இங்கிலீசு வரும் என்று உன்னைக் கூப்பிட்டாள். புதருக்குள் போகும் பந்தைப் பொறுக்க என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் அப்போது பதினான்கு வயது. இரண்டே வருடத்தில் அந்த அம்மாள் உன் பந்தைத் தொடவே மூச்சு வாங்கினாள். பொறாமைப்படாமல் உன்னைக் காரில் ஏற்றிச் சுங்கைப்பட்டாணி டவுன் கிளப்புக்குக் கூட்டிப்போய், மற்ற தொரைமார்களின் மனைவிகளோடு ஆடவிட்டாள். நீ ஒருத்தியை விடாமல் அடித்துவிட்டு, பெண்கள் கோப்பையை அடுத்தடுத்து இரண்டு வருடம் கொண்டுவந்தாய்.

முதல் கோப்பை வந்த அன்று உன் அப்பா அதைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குக் கொண்டுவந்து எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். என் அண்ணன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, தட்டிப் பார்த்து, இதில் எத்தனை குவளை கள்ளுப் பிடிக்கும் என்று கேட்டான். களமே சிரித்தது. நீயும் சிரித்தாய். அவன் குணம் அன்றைக்கே கையில் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

சப்பான்காரன் வந்தபோது தொரை குடும்பம் பாதிச் சோற்றில் எழுந்து கார் ஏறியது. போகும்போது மட்டையையும் இருந்த பந்துகளையும் அந்த அம்மாள் உன் கையில் திணித்துவிட்டுப் போனாள். பால் வெட்டு நின்றது. கண்ணில் பட்ட மண்ணிலெல்லாம் மரவள்ளி நட்டோம். டென்னிஸ் திடலையும் கொத்திவிடலாம் என்று மண்வெட்டியோடு கிளம்பிய வாரத்தில்தான் அந்தக் கண்ணாடிக்காரச் சப்பான் அதிகாரி பக்கத்து ஊர் பீடோங்கிலிருந்து ஆள் கணக்கெடுக்க வந்தான். ஆபீஸ் சன்னலில் உன் கோப்பைகள் இருந்தன. அவன் ஊரில் படிக்கும்போது டென்னிஸ் ஆடியவனாம். யாருடையது என்று கேட்டான். உன் அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ அவனோடு ஆட வேண்டும் என்று உத்தரவு. நீ லயத்துக்கு வந்து என்னைக் கூப்பிட்டாய். நான் பயந்து பின்வாங்கினேன். அப்போது நீ சொன்னதை நான் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "பந்து பொறுக்க இல்ல புள்ள. நீ கண்ண எடுக்காம அங்கயே நில்லு. நாளைக்கி எவனாச்சும் எம்மேல கைய நீட்டிப் பேசுனா, பாத்தவன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்."

நின்றேன். ஒரு ஞாயிறு தவறாமல் நின்றேன். அவன் வருவான், தொப்பியைக் கழற்றிக் குனிவான், நீ குனிவாய். ஆடுவீர்கள். முடிந்ததும் திரும்பக் குனிவான், வண்டி ஏறுவான். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் இந்தப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை. உனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவன் கையால் வந்ததில்லை. இதைச் சொல்வதற்காகத்தான் நான் அங்கே நின்றேன்.

அப்புறம் சயாமில் தண்டவாளம் போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். பிரட்டில் பெயர் வாசிப்பார்கள், வாசிக்கப்பட்டவன் அப்படியே லாரியில் ஏற வேண்டும். போனவன் யாரும் திரும்பி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் நீ அந்தக் கண்ணாடிக்காரனிடம், திடல் பாழாகிக் கொண்டிருக்கிறது, இதைச் சரியாக வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாய். எத்தனை பேர் என்றான். பத்து என்றாய். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாய். புல் செதுக்க, தண்ணீர் ஊற்ற, சுண்ணாம்புக் கோடு போட, தரையை அமுக்கும் உருளை இழுக்க என்று விரல் விட்டுச் சொன்னாய். அவன் எழுதிக்கொண்டான்.

அந்த இரும்பு உருளையை இரண்டு பேர் இழுத்தால் போதும். தோட்டத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஆனாலும் பத்துப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தேர் இழுக்கிற மாதிரி முக்கி முனகி நாளெல்லாம் சுற்றினார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்களாகப் பார்த்துத்தான் நீ பெயர் கொடுத்தாய். என் அண்ணனுக்கு அப்போது பிள்ளையே இல்லை. நான்தான் உன் கையைப் பிடித்து, அவனையும் சேர்த்துக்கொள் என்று அழுதேன். நீ ஒரு பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதினாய். அடித்த பெயர் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

தொரை விட்டுப்போன பந்துகள் ஆறு மாதத்தில் மொட்டையாகி வெடித்துவிட்டன. சுற்றிலும் ரப்பர் மரம், ஆட ஒரு பந்து இல்லை. பந்து இல்லையென்றால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லையென்றால் திடலுக்கு ஆள் எதற்கு? அப்போதுதான் நாம் ஒட்டுப்பால் பந்து செய்தோம். வெட்டுக்கோட்டில் காய்ந்து நூலாக ஒட்டியிருக்கும் பாலை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றுவோம். லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். நீ அதன் மேல் பங்களாவில் கிடந்த பழைய கம்பளியை இரண்டு துண்டாக வெட்டி வைத்துத் தைப்பாய். கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கும். எகிறினால் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. அதை அடித்து அடித்து உன் மணிக்கட்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. மஞ்சள் பற்றுப் போட்டது நான்தான்.

அந்தக் கல்லை வைத்துக்கொண்டு நீ தோற்றாயே, அதைத்தான் உன் ஆட்டத்திலேயே பெரிய ஆட்டம் என்பேன். ஆறுக்கு நான்கு. ஒவ்வொரு வாரமும் அவனுக்கு ஆறு, உனக்கு நான்கு. சுலபமாகத் தோற்றால் அவனுக்குச் சலித்துவிடும், ஜெயித்தால் ரோசம் வந்துவிடும். தட்டில் சோறு பரிமாறுகிற மாதிரி பந்தை அவன் மட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாய். ஆட்டம் முடிந்ததும் பங்களாக் கிணற்றடியில் வாய் கொப்பளித்துத் துப்புவாய். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "தெரிஞ்சே தப்பா ஆடுறது, புள்ள, வாயில எச்சி ஊறுது" என்றாய்.

ஒரே ஒரு ஞாயிறு உன்னால் முடியவில்லை. அன்று காலையில்தான் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிற கிழவியின் ஒரே மகனை லாரியில் ஏற்றியிருந்தார்கள். திடலுக்கு வரும்போதே உன் முகம் சரியில்லை. ஆறுக்கு முட்டை. அவன் ஒரு பந்தைக்கூட ஒழுங்காகத் தொடவில்லை. உருளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்துப் பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். என் அண்ணன் விசில் அடித்தான். கண்ணாடிக்காரன் வழக்கம்போலக் குனிந்து வணங்கிவிட்டுப் போனான். மறுநாள் பிரட்டில் உருளைக்காரர்களில் இரண்டு பேர் பெயரை வாசித்தார்கள்.

அதற்கப்புறம் சண்டை முடிகிறவரைக்கும் நீ ஆறுக்கு நான்கை விடவில்லை. மிச்சம் எட்டுப் பேர். எட்டும் பிழைத்தது.

போன இருவரில் ஒருவனின் மனைவி செல்லம்மா. குழாயடியில் உன் முகத்தில் துப்பினாள். அவள்மேல் எனக்கு இன்றுவரைக்கும் கோபம் வரவில்லை, உனக்கும் வரவில்லை. அவளுக்கு எடுத்து எறிய எதுவோ வேண்டியிருந்தது, நீ எதிரே இருந்தாய். மற்றவர்களுக்கு என்ன வந்தது? சும்மாவா வருவான் சப்பான்காரன் ஒவ்வொரு வாரமும் என்று லயத்தில் கிசுகிசுத்தார்கள். அதற்கு முதலில் வாய் கொடுத்தவர்கள் அந்த எட்டுப் பேர்தான், தோழி. ஒரு பொம்பளை பந்தாடித் தங்கள் உயிரைக் காப்பாற்றினாள் என்று சொல்ல அவர்கள் மீசைக்கு வலித்தது. அவள் கெட்டுப்போனவள், அதனால்தான் அவன் அவள் சொன்னதைக் கேட்டான் என்று சொல்ல ஒரு வலியும் இல்லை. கள்ளுக்கடையில் உட்கார்ந்து என் அண்ணன் உன்னைச் சொன்ன சொல்லை இந்தத் தாளில் எழுத மாட்டேன். அதைச் சொல்லிவிட்டு வந்து, என் கையால் போட்ட சோற்றைத் தின்றான். நான் போட்டேன். அதை நினைத்தால் என் கையையே கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த வருடமே உன் அப்பா செத்துப்போனார். அவருக்கு மகன் கிடையாது. தோட்டத்தில் ஒருவரும் வரவில்லை, கொட்டு அடிக்கிறவன்கூட வரவில்லை. ஒரு பாடையைத் தூக்க நான்கு பேர் வேண்டும். நீ எட்டுப் பேரைக் காப்பாற்றி வைத்திருந்தாய். பீடோங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாய் வந்தார், கட்டை ஏற்றுகிற சீன லாரி டிரைவர் வந்தார், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசர் வந்தார். மூன்று பேர்தான். கொஞ்ச நேரம் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்பக்கம் வலது தோளை நீ கொடுத்தாய். பெண் பிள்ளை சுடுகாட்டுக்குப் போகிறாளே என்று பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். என் அண்ணன் கள்ளுக்கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் ஆயாக்கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் வரவில்லை.

ஆனாலும் நீ என்னைத் தேடி வந்தாய். உன்னை வேறு யார் நம்பினார்கள்? சுங்கைப்பட்டாணி கிளப்பில் மறுபடியும் போட்டி வைத்தார்கள். முதல் குண்டுச் சத்தத்துக்கே ஓடிய தொரைமார்கள் உட்கார்ந்துகொண்டு, நீ சப்பான்காரனோடு எப்படி இருந்தாய் என்று விசாரித்தார்களாம். பார்த்த ஒரு ஆள் வந்து சொன்னால் ஆட விடுவோம், இல்லையென்றால் இனிமேல் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார்களாம். அதற்காகத்தான் என் அம்மா வீட்டு வாசலுக்கு வந்தாய். அன்றைக்கென்று உள்ளே என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள், கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா காப்பியை ஊதிக்கொண்டே, "அந்தக் கிராணி மக கூடத்தான் எப்பவும் இருப்பியாமே" என்று கேட்டாள். அண்ணன் என்னை முறைத்தான்.

நான் சொன்னேன். "மொகம் பாத்த பழக்கந்தாங்க. அவ என்ன செஞ்சான்னு எனக்கு என்ன தெரியும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் நீ. எத்தனை நேரமாக நின்றாய் என்று தெரியவில்லை. உன் கையில், சாட்சி கேட்டுக் கிளப் அனுப்பிய கடிதம் இருந்தது. "நல்லாரு புள்ள" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாய். அந்த மாதமே பினாங்குக்குப் போய்விட்டாய்.

அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சரானாய். நம் ஊர்க் கிளப் சாத்திய கதவை அங்கே எவனோ திறந்துவிட்டான். மலாயா முழுவதிலுமிருந்து வந்த பெண்களைத் தோற்கடித்து மூன்று தடவை பட்டம் வாங்கினாய். என் வீட்டுக்காரர் பேப்பரில் பொட்டலம் மடித்துக்கொண்டு வருவார், பிரித்தால் சில நாள் உன் படம் இருக்கும், எண்ணெய் பட்டு. சர்வ் போடும்போது அந்த வலது தோள் எப்படித் திரும்பியிருக்கும் என்று நான் பார்ப்பேன். அதில் பாடையும் இருந்ததை வேறு யார் பார்த்திருப்பார்கள்? படம் இருந்த தாளை மட்டும் கிழித்துத் தகரப் பெட்டியில் வைப்பேன். ஒரு கடிதம் போட எனக்குத் தைரியம் வரவில்லை. நீ போய்ச் சேர்ந்த செய்தியும் பேப்பரில்தான் வந்தது, ஒரு விரல் அகலத்தில்.

நேற்று விழா. சுங்கைப்பட்டாணியில் மண்டபம் பிடித்துத் தடபுடல் செய்திருந்தார்கள். விழாக்குழுச் செயலாளர் யார் தெரியுமா? அந்த எட்டில் ஒருவனான முனியாண்டியின் பேரன். உன் படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, வந்தவனுக்கெல்லாம் பொன்னாடை. பேசிய பிரமுகர் ஒருவர், "அந்தக் கஷ்ட காலத்தில் நம் தோட்டத்து ஆண்கள் இந்தப் பெண்ணுக்குத் தோள் கொடுத்தார்கள்" என்றார். தோள். கூட்டம் தட்டியது. உன்னைத் துப்பிய வாய்களின் வாரிசுகள் உன் பெயரில் கேசரி தின்றுகொண்டிருந்தார்கள்.

என்னைக் கைத்தாங்கலாக ஒலிபெருக்கிக்குக் கூட்டிப் போனார்கள். நான் தீர்மானித்துத்தான் போயிருந்தேன். ஒரு உருளையை இழுக்க நீ பத்துப் பேர் கேட்டதைச் சொன்னேன். எட்டுப் பேர் பிழைத்தார்கள் என்றேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லிவிட்டு, உன் அப்பாவின் பாடையைத் தூக்க அதில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதுதான் என் எண்ணம். முனியாண்டி என்றேன். கைதட்டினார்கள். சின்னசாமி என்றேன். பின்வரிசையில் ஒருவன், "எங்க தாத்தா" என்று விசில் அடித்தான். பெருமாள், அங்கமுத்து, ராமன், காளிமுத்து, வீரப்பன். ஒவ்வொரு பெயருக்கும் தட்டினார்கள். உனக்குத் தோள் கொடுத்தவர்களின் பட்டியலை வாசிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

எட்டாவது பெயர் வாய்வரைக்கும் வந்தது. முதல் வரிசையில் அண்ணன் மகன் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பிள்ளையில்லை. வீட்டுக்காரர் போன பிறகு அவன் வீட்டில்தான் இருக்கிறேன். என் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் படம் பிடிக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் பந்தை எடுத்து வீசினேன். எழுந்து நின்று தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பாடை மாதிரி கனத்தது.

சீ என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். கண்ணை எடுக்காமல் நில் என்று நீ என்னிடம்தான் சொன்னாய். எட்டுப் பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பார்க்காததைப் பேசினார்கள். பார்த்ததைச் சொல்லாமல் இருந்தது நான்.

தகரப் பெட்டியில் உன் படங்களோடு ஒரு ஒட்டுப்பால் பந்தும் இருக்கிறது. நீ போன பிறகு பங்களா வேலியோரம் கிடந்ததை எடுத்து வைத்தேன். கம்பளி இற்றுப்போய்விட்டது. பால் கருத்து இறுகிவிட்டது, இப்போது அடித்தால் எகிறாது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இந்த மத்தியானம் இதை எழுதினேன். எட்டாவது பெயர் தங்கவேலு. என் அண்ணன். உன்னிடம் நான் அழுது கேட்டு வாங்கிய உயிர் அவனுடையது. பாடைக்கு வராதவர்களில் ஒன்பதாவது ஆள் நான்.

இந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க மேலே உன் பந்து. ஆறு மணிக்கு மாத்திரை கொடுக்க அண்ணன் மகன் வருவான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தமிழ் நன்றாக வாசிப்பான்.